ஆர்மோனியம் ஏறிய மலை

பண்பலை வரிசைகளில் ஒலிக்காத புதிய இசைக்குழுக்களைத் தேடிச் செல்வதும், அவற்றின் நிகழ்ச்சிகளை நேரில் சென்று கேட்பதும் பெருநகரத்து இளைஞர்களின் அண்மைக்காலப் பழக்கம் என்றோர் எண்ணம் நம்மிடையே நிலவுகிறது. சென்னையையும் பெங்களூரையும் மட்டும் கண்டவர்களுக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. போடிநாயக்கனூரிலிருந்து ஏலமலைக்கு ஏறும் சரிவுகளின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால் அவ்வெண்ணம் நிற்காது. அங்கே வானொலிக்கு வெளியே இருந்த இசைதான் நெடுங்காலம் மக்களின் இசையாக இருந்தது. அதைக் கேட்க விரும்பியவன் பொத்தானைத் திருகவில்லை, மைல்கணக்கில் நடந்தான். பாடியவனும் நடந்தான்.

நிலவியலை முதலில் சொல்லிவிடுவோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கடிவாரத்தில் இருக்கிறது போடி. மேலே கேரளத்தின் தேவிகுளம், மூணாறு, பூப்பாறைப் பகுதிகள். தேயிலையும் ஏலமும் விளையும் நிலம். பதினேழு கொண்டைஊசி வளைவுகளோடு போடிமெட்டுக்கு ஏறும் சாலை இன்றைய வழி. அதற்கு முன்பே குரங்கணி, கொட்டக்குடி வழியாக மலைக்கு ஏறும் தடங்கள் இருந்தன. மூணாற்றுத் தேயிலை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், டாப் ஸ்டேஷன் என்னும் மலைமுகட்டிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டக்குடிக்கு இறங்கி, அங்கிருந்து போடி வந்து சேர்ந்தது. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு இரயில் வந்தது. கீழே இறங்கியது தேயிலையும் ஏலக்காயும். மேலே ஏறியது அரிசியும் ஆட்களும். அந்த ஆட்களோடு பாட்டும் ஏறியது என்பதை மலைத்தோட்ட வரலாறுகள் எழுதுவதில்லை. சரக்குக் கணக்கில் பாட்டுக்குப் பத்தி கிடையாது அல்லவா.

தென்மாவட்டத்து ஊர்களில் ஒரு சொல் உண்டு: ‘ரேடியோ செட்’. திருமண வீட்டிலும் கோவில் கொடையிலும் குழாய் ஒலிபெருக்கி கட்டி இசைத்தட்டுப் போடும் ஏற்பாட்டுக்கு அந்தப் பெயர். ‘கல்யாண வீட்டில் ரேடியோ கட்டியிருக்கிறார்கள்’ என்றால் அங்கே வானொலிப் பெட்டி இருக்கிறது என்று பொருளல்ல. ஆம்ப்ளிபயரும், தட்டுச் சுழலும் கருவியும், வேப்பமரக் கிளையில் கட்டிய புனலும் இருக்கின்றன என்றே பொருள். வானொலியின் பெயரை மக்கள் எடுத்துக்கொண்டார்கள். அதன் நிகழ்ச்சி நிரலை எடுத்துக்கொள்ளவில்லை. எந்தப் பாட்டு, எத்தனை முறை, எவ்வளவு உரக்க என்பதை ஊரே முடிவு செய்தது. சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுடைய நமக்கு இந்தப் பெயர்மாற்றம் ஒரு சிறிய கலகமாகவே படுகிறது.

மெய்யான வானொலி அப்போது என்ன செய்துகொண்டிருந்தது? சென்னை நிலையம் 1938இலும், திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கின. 1940 மார்ச் 1ஆம் நாள் முதல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. இது பலருக்கும் மறந்துபோன செய்தி; சிலருக்கு நம்ப முடியாத செய்தி. ஏறத்தாழ முப்பதாண்டுகள், 1971இல் தடை ஓரளவு தளர்த்தப்படும்வரை, நாட்டின் மிகப் பரவலான மேடைக் கருவியொன்று நாட்டின் ஒரே வானொலியில் நுழைய முடியாமல் வாசலிலேயே நின்றது.

தடைக்குக் காரணம் சொன்னவர்கள் சாமானியர்கள் அல்லர். தில்லி வானொலியில் மேலை இசைப் பிரிவைக் கவனித்த ஜான் ஃபோல்ட்ஸ் என்னும் ஆங்கிலேய இசையமைப்பாளர் 1938இல் ஆர்மோனியத்தைத் தாக்கிக் கட்டுரை எழுதினார். அக்கருவியின் பெயருக்குள்ளேயே தீங்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஒளிந்திருப்பதைத் தலைப்பில் பிரித்துக் காட்டினார். தடை வந்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை. 1939இலேயே கல்கத்தாவில் இறந்துவிட்டார். இரவீந்திரநாத் தாகூர் கல்கத்தா நிலையத்துக்குக் கடிதம் எழுதித் தம் வெறுப்பைத் தெரிவித்தார். நம் பாரதியே ‘சங்கீத விஷயம்’ கட்டுரையில் ஆர்மோனியத்தைக் கடிந்துகொண்டவர்தாம். வாதம் எளிது: ஆர்மோனியத்தின் சுரங்கள் இறுக்கிக் கட்டப்பட்டவை, ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்ல அதனால் இயலாது, கமகம் அதில் பேசாது, போதாக்குறைக்கு அது பாரிசிலிருந்து வந்த கருவி. ஆள வந்தவனும் விடுதலை கேட்டவனும் ஒரே குரலில் பேசிய அரிய தருணங்களுள் இதுவும் ஒன்று.

இசையிலக்கண நோக்கில் அந்த வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அவர்கள் கேட்டது வரவேற்பறையில் ஒலித்த ஆர்மோனியத்தை. மதுரைச் சீமையில் அது ஒலித்த இடம் வேறு. சங்கரதாஸ் சுவாமிகள் மரபில் வந்த ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் முன்கூட்டி ஒத்திகை பார்ப்பதில்லை. ஒருவர் ஓரூரிலிருந்தும் மற்றவர் வேறூரிலிருந்தும் வந்து அன்றிரவு மேடையிலேயே சந்தித்துக்கொள்வார்கள். வள்ளியும் நாரதரும் வாதம் செய்யத் தொடங்கினால் விடியும்வரை பாட்டும் பேச்சும் தொடரும். இந்த முன்பின் அறியாதவர்களை ஒரு சுருதியில் கட்டி நிறுத்துகிறவர் மேடையோரம் உட்கார்ந்த ஆர்மோனியக்காரர். ஒலிவாங்கி வராத காலத்தில் திறந்தவெளியின் கடைசி வரிசைக்கும் கேட்கும் ஓசை அதற்கு இருந்தது. மழையிலும் குளிரிலும் நரம்புக் கருவிபோல அது சுருதி இறங்குவதில்லை. தூக்கிச் செல்ல ஓர் ஆள் போதும். மாட்டுவண்டியும் போகாத தோட்டத்துக்கு ஏறவேண்டிய குழுவுக்கு இதைவிடத் தோதான கருவி எது?

இன்னொன்றும் உண்டு. ‘அவர் ஒரு கட்டையில் பாடுகிறார்’, ‘கிட்டப்பா உச்சக் கட்டையில் பாடினார்’ என்கிறோமே, அந்தக் கட்டை எது? ஆர்மோனியத்தின் கட்டைதான். கருவியை விலக்கிவைத்த வித்துவான்கள்கூடத் தங்கள் சுருதியைச் சொல்ல அதனிடமிருந்தே சொல்லைக் கடன் வாங்கியிருந்தார்கள். தடையை நிறைவேற்றிய வானொலி நிலையங்களின் ஒலிப்பதிவு அறைகளிலும் ‘எத்தனை கட்டை?’ என்ற கேள்வி எழாமல் இருந்திருக்க வழியில்லை.

விடுதலைக்குப் பின் நிலைமை இளகியிருக்க வேண்டும், மாறாக இறுகியது. 1952இல் செய்தி ஒலிபரப்புத் துறைக்குப் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர் செவ்வியல் இசையை நாட்டுக்கு ஊட்டிவிடுவது என்று உறுதி பூண்டவர். திரைப்பாட்டு வானொலியில் அருகியது. அதன் விளைவு உலகறிந்தது: இந்தியா முழுவதும் முள்ளை இலங்கை வானொலிப் பக்கம் திருப்பியது. 1957 அக்டோபரில் விவிதபாரதி தொடங்கப்பட்டதே இழந்த நேயர்களை மீட்பதற்குத்தான். பின்னாளில், 1964இல், இங்கிலாந்திலும் இதே கதை வேறுவிதமாக நடந்தது. பி.பி.சி. தர மறுத்த பாட்டைத் தருவதற்காக ‘ரேடியோ கரோலைன்’ என்னும் நிலையத்தைக் கடலில் நின்ற கப்பலிலிருந்து நடத்தினார்கள். நமக்குக் கப்பல் தேவைப்படவில்லை; கடலுக்கு நடுவே ஒரு தீவே இருந்தது. அந்தத் தீவின் பொப் இசையும், ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யும் பின்னர் தமிழகத்துத் திருவிழா மேடைகளுக்குள் புகுந்தது தனிக்கதை.

ஆனால் கொழும்பும் கொடுக்க முடியாத ஒரு பாட்டு உண்டு. கேட்பவனின் கூலியையும், கங்காணியையும், மழைநாளில் ஒழுகும் லயத்தையும் பாடும் பாட்டு. ஏலமலைக்கு அதைக் கொண்டு சென்ற குழுக்களில் நாம் நன்கறிந்தது பண்ணைப்புரத்தில் உருவானது.

போடியிலிருந்து மலையடிவாரத்தை ஒட்டித் தெற்கே போனால் தேவாரம், அதைத் தாண்டினால் பண்ணைப்புரம், அப்பால் கோம்பை. அன்று இவையெல்லாம் மதுரை மாவட்டம். பண்ணைப்புரத்தின் ஒடுக்கப்பட்ட குடும்பமொன்றில் டேனியல் இராமசாமி, சின்னத்தாய் வீட்டில் வளர்ந்தவர்கள் பாவலர் வரதராசனும், பாஸ்கரும், பின்னாளில் இளையராஜா என்று உலகறிந்த இராசையாவும், கங்கை அமரன் என்று அறியப்பட்ட அமர்சிங்கும். மூத்தவரான வரதராசன் பொதுவுடைமைக் கட்சியின் மேடைப் பாடகர். பாட்டை அவரே எழுதினார், அவரே பாடினார். ஒரு கூட்டத்துக்குப் போகும் வழியில் கேட்ட செய்தி, மேடை ஏறுவதற்குள் பாட்டாகிவிடும் வேகம் அவருடையது என்று உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மெட்டு தெருக்கூத்திலிருந்தும் வரும், தெம்மாங்கிலிருந்தும் வரும், சினிமாவிலிருந்தும் வரும். தூய்மைவாதிகள் முகம் சுளிக்கலாம். கேட்பவனுக்கு மெட்டு முன்பே தெரிந்திருந்தால் அவன் கவனம் முழுவதும் சொல்லுக்குப் போகும் என்ற கணக்கு இதில் இருக்கிறது. சித்தர்கள் காலந்தொட்டு நம் மக்கட்கவிகள் போட்டுவந்த கணக்குத்தான்.

1958ஆம் ஆண்டின் தேவிகுளம் இடைத்தேர்தலுக்கு வருவோம். அதன் பின்னணி தெரிந்தால்தான் பாட்டின் எடை புரியும். 1956 நவம்பரில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் பெரும்பான்மையாக வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு சேர்ந்தன. தோட்டத் தொழிலாளர் வந்துபோகும் மக்கள், நிலையான குடிகள் அல்லர் என்பது மாநிலச் சீரமைப்புக் குழுவின் முன் வைக்கப்பட்ட வாதங்களுள் ஒன்று. அடுத்த ஆண்டே கேரளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் பொதுவுடைமைக் கட்சி ஆட்சிக்கு வந்தது. சட்டமன்றத்தின் 126 இடங்களில் கட்சிக்கு 60. சுயேச்சைகள் ஐவரின் துணையோடு ஆட்சி. ஒவ்வோர் இடமும் பொன்னாக எண்ணப்பட்ட நேரத்தில், எதிர்வேட்பாளரின் வேட்புமனுவைத் தள்ளியது முறையல்ல என்று சொல்லித் தேவிகுளத்தில் வென்ற ரோசம்மா புன்னூசின் தேர்தலைத் தீர்ப்பாயம் செல்லாததாக்கியது. இடைத்தேர்தல் வந்தது. மலையாளம் பேசும் கட்சி, தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளரிடம் வாக்குக் கேட்டு ஏறவேண்டிய மலை அது.

பாவலர் அழைக்கப்பட்டார். தொண்டை கட்டிப் போயிருந்த மூத்த மகனிடம், தம்பியையும் கூட்டிக்கொண்டு போ என்று சின்னத்தாய் சொன்னதாக இளையராஜா நினைவுகூர்ந்திருக்கிறார். அப்படித்தான் பதினைந்து வயதை ஒட்டிய ஒரு சிறுவன் அந்தக் குழுவில் சேர்ந்தான். குரல் உடையாத பருவம். பெண் குரலில் பாட வேண்டிய இடங்களை அவனே பாடினான். குரல் உடைந்தபின் அந்த இடம் கங்கை அமரனுக்குப் போனது. இராசையாவின் கைக்கு ஆர்மோனியம் வந்தது. ரோசம்மா புன்னூசு மீண்டும் வென்றார். வெற்றிக் கூட்டத்தில் ஈ.எம்.எஸ்., இந்த வெற்றி பாவலரின் பாட்டுக்குச் சேரவேண்டியது என்று பாராட்டினார் என்பது கட்சித் தோழர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. ஒரு மாநில அரசின் பெரும்பான்மைக்கு முட்டுக்கொடுத்த தேர்தலில், மலையடிவாரச் சிற்றூரின் பாட்டுக்குழு ஒன்றுக்கு இப்படியோர் இடம் கிடைத்தது தமிழ் இலக்கிய வரலாற்று நூல்களில் ஒரு வரியாகவேனும் இடம்பெற்றிருக்க வேண்டும் என்பது நம் எண்ணம். சிறுபத்திரிகை வரலாற்றுக்கு நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஒதுக்கத் தெரிந்த நமக்கு, மேடையில் எழுதப்பட்ட கவிதைக்குப் பக்கம் ஒதுக்கத் தெரியவில்லை.

இந்தப் பாட்டு ஏன் வானொலிக்குப் போகவில்லை என்று கேட்பது பேதைமை. போக முடியாதபடி இரட்டைப் பூட்டு இருந்தது. முதற்பூட்டு ஆர்மோனியத் தடை. இரண்டாவது, வானொலி அரசின் கையில் இருந்தது. தேர்தலில் அரசியல் கட்சிகளுக்கு அதில் நேரம் தரும் வழக்கமே 1977இல்தான் வந்தது. கட்சி மேடைப் பாட்டு அந்த அறைக்குள் நுழைவதைக் கற்பனைகூடச் செய்ய முடியாது. நிலையங்கள் கிராமிய நிகழ்ச்சி நடத்தின, நாட்டுப்புறப் பாடலும் ஒலிபரப்பின என்பது உண்மை. அந்த உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அங்கே வந்த உழவன் நல்ல விதை பற்றிப் பாடினான்; கூலி பற்றிப் பாடவில்லை.

இத்தகைய பாட்டு போடி மலையில் மட்டும் பிறந்ததன்று. தோட்டம் எங்கே உண்டோ, தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து ஆள் பிடித்துப்போன கங்காணி எங்கே உண்டோ, அங்கெல்லாம் பிறந்தது. இலங்கையின் மலையகத்தில் கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளருக்கான சம்மேளனத்தை அமைத்தபோது, அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களில் தாமே பாட்டெழுதிப் பாடினார். அவற்றைச் சிறு நூல்களாக அச்சிட்டும் பரப்பினார். எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளரிடம் துண்டறிக்கை கொடுத்துப் பயனில்லை என்பதை அவர் கண்டிருந்தார். பிற்காலத்தில் சி.வி. வேலுப்பிள்ளை மலையக மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். பாவலர் கொழும்புப் பக்கத்து முன்னோடிகளைப் பின்பற்றினார் என்று நாம் சொல்லவரவில்லை. ஒரேவகை லயத்தில் ஒரேவகைப் பாட்டு முளைக்கிறது என்பதே செய்தி. ஒரு வேறுபாடு நெஞ்சை உறுத்துகிறது: மலையகப் பாடல்களுக்கு ஒரு வேலுப்பிள்ளை கிடைத்தார். தேவிகுளம், பூப்பாறை, சாந்தன்பாறைத் தோட்டங்களின் பாடல்களுக்கு அப்படியொருவர் வாய்க்கவில்லை.

ஒரு தொழிலாளி இந்தக் குழுக்களை எப்படி அறிந்துகொண்டார் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. விளம்பரம் கிடையாது, வானொலி அறிவிப்பு கிடையாது. சந்தை நாளில் போடிக்கு இறங்கியவன் சுவரொட்டியைப் பார்ப்பான். திருவிழாவுக்கு ஊருக்குப் போய் வந்தவன், அங்கே கேட்ட புதுப்பாட்டை லயத்தில் பாடிக் காட்டுவான். சங்கக் கூட்டத்துக்கு அழைக்க வருபவன், ‘இந்த முறை பாட்டும் உண்டு’ என்பான். அந்தக் கடைசிச் சொற்றொடருக்கு இருந்த வலிமையைச் சங்கத் தலைவர்கள் நன்கறிவார்கள். பேச்சைக் கேட்கப் பத்துப்பேர் வருவார்கள். பாட்டைக் கேட்கத் தோட்டமே வரும். பாட்டு முடிந்ததும் எழுந்து போகாமல் பேச்சையும் கேட்க வைப்பது பாடகனின் திறமை. ஆகவே நடுநடுவே நிறுத்தி, நகைச்சுவையும் நாட்டுநடப்பும் பேசி, அடுத்த பாட்டுக்கு ஆசை காட்டி நகர்த்துவது மேடை வழக்கமாயிற்று. கூத்தில் கட்டியங்காரன் செய்த வேலை இது.

இந்தக் கதையில் வானொலிப் பெட்டி ஒரேயொரு முறை பெருந்தொண்டு புரிந்திருக்கிறது. 1960களின் இறுதியில் சகோதரர்கள் சென்னைக்குப் புறப்பட்டபோது, வீட்டில் இருந்த வானொலிப் பெட்டியை நானூறு ரூபாய்க்கு விற்று அந்தப் பணம் முழுவதையும் சின்னத்தாய் பிள்ளைகளிடம் கொடுத்தார் என்று இளையராஜா பலமுறை சொல்லியிருக்கிறார். கேட்கும் கருவியை விற்றுப் பாடும் பிள்ளைகளை அனுப்பியிருக்கிறார் அந்தத் தாய். 1971இல் ஆர்மோனியத் தடை தளர்ந்தது. 1973இல் பாவலர் மறைந்தார். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தது; அடுத்த சில ஆண்டுகளில் தமிழ் வானொலியின் பெரும்பகுதியை நிரப்பியது, வானொலி ஒருபோதும் ஏற்றிராத மேடையில் பழகிய ஒரு கை. தேவிகுளத்து மேடையில் கற்றது அந்த இசையில் எவ்வளவு என்று அளந்து சொல்வது இசை ஆய்வாளர் வேலை. தெரிந்த மெட்டில் கேட்பவனைப் பிடித்து நிறுத்திப் புதியதை அவன் காதில் போடும் வித்தையை அவர் எங்கே பழகினார் என்பதில் நமக்கு ஐயமில்லை.

இதன்பிறகு நடந்தது சற்றே விசித்திரமானது. வானொலி விலக்கியதைப் பாடிய மேடைகளில் இப்போது வானொலி ஒலிபரப்பியதைத் திருப்பிப் பாடும் மெல்லிசைக் குழுக்கள் ஏறின. ஊர்த் திருவிழாக்களில் அவற்றுக்குக் கூடிய கூட்டத்தை நாம் அறிவோம். பாடகர்களின் திறமையையும் மறுப்பதற்கில்லை. எனினும் எஸ்.பி.பி. போலவே பாடுகிறார் என்பதுதான் அங்கே உச்சமான பாராட்டு. யாரைப் போலவும் இல்லாத குரலுக்கு அங்கே இடம் சுருங்கிவிட்டது. இந்த வகையில், தடைசெய்த வானொலியைவிட அணைத்துக்கொண்ட வானொலியே மேடைக்குக் கூடுதல் கேடு செய்தது என்று சொன்னால் நண்பர்கள் சினங்கொள்ளலாம், சொல்லித்தான் ஆகவேண்டும்.

மாற்று முற்றிலும் வற்றிவிடவில்லை. 1975இல் மதுரையில் தோன்றிய தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் பின்னர் ஊர்தோறும் நடத்திய கலை இரவுகள் விடியவிடியப் பாட்டுக்கு மேடை தந்தன. இன்குலாபின் ‘மனுசங்கடா’ கே.ஏ. குணசேகரனின் குரலில் மேடை வழியாகவும் ஒலிநாடா வழியாகவும் பரவியது. எந்த வானொலி நிலையத்தின் தயவும் அதற்குத் தேவைப்படவில்லை. ஒலிநாடா மலிவானது, பிரதி எடுக்க எளிதானது, சட்டைப் பையில் வைத்து மலையேறக் கூடியது. 2018 சனவரியில் சென்னையில் முதன்முறை மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவைக் கேட்டவர்கள் அதன் கானாவையும் ராப்பையும் புதுமை என்றார்கள். பெயரை அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதியற்ற தமிழர்’ என்னும் கருத்திலிருந்து எடுத்துக்கொண்ட அந்தக் குழுவை, பாவலரின் மேடைக்கு அருகில் வைத்துப் பார்ப்பதே பொருத்தம். கருவிகள் மாறியிருக்கின்றன. பாட்டுக்கு நடுவே நிறுத்திப் பேசும் வழக்கம் மாறவில்லை.

ஏலமலையின் இன்றைய நிலை என்ன? விடியலுக்கு முன்பே போடியிலும் சுற்றுவட்டத்து ஊர்களிலும் ஜீப்புகள் புறப்படுகின்றன. தூக்குவாளிச் சோற்றோடு பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் சென்று, மாலையில் திரும்புகிறார்கள். முன்போல லயத்திலேயே தங்கிவிடும் வாழ்க்கை இவர்களில் பலருக்கு இல்லை. கேரள எல்லையைக் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் கடக்கும் இவர்களின் ஜீப்பில் ஓட்டுநர் விரும்பும் பாட்டு ஓடுகிறது. செடியடியில் குனிந்து காய் எடுக்கும்போது பாடுவது இன்னும் இருக்கிறதா என்றால், வயதான பெண்களிடம் இருக்கிறது. கேட்டால் வெட்கத்தோடு மறுத்துவிட்டு, நாம் நகர்ந்தபின் தொடங்குவார்கள். 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டப் பெண்கள், சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டு ‘பெண்பிளை ஒருமை’ என்ற பெயரில் தெருவில் இறங்கியபோது எழுப்பிய முழக்கங்கள் பெரும்பாலும் எதுகையும் தாளமும் கொண்ட தமிழ். யாப்பருங்கலம் படித்து வந்ததன்று அது. அந்த மலைக்கு எழுபது எண்பது ஆண்டுகளாகப் பழக்கமான ஓசை.

பாவலரின் பாடல்கள் அச்சில் தொகுக்கப்பட்டிருக்கின்றன, சொற்கள் தப்பின. மேடையில் அவை எந்தக் கட்டையில் தொடங்கின, எந்தச் சொல்லில் கூட்டம் சேர்ந்து பாடியது, எங்கே நிறுத்திப் பேசினார் என்பவை தொகுப்பில் இல்லை. அவருக்கு முன்னும் பின்னும் அதே பாதையில் ஏறிய, பெயரும் அச்சேறாத குழுக்களின் பாட்டுக்கு அந்தச் சொல்லளவுப் பேறும் கிட்டவில்லை. மீதமிருப்பது கேட்டவர்களின் நினைவு மட்டுமே. தேவிகுளத்து மேடைக்கு முன் 1958இல் பதினைந்து வயதில் உட்கார்ந்திருந்தவருக்கு இன்று எண்பதைத் தாண்டிவிட்டது. ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர் பலர் மலையிறங்கிப் போடி, தேவாரம், கோம்பைப் பக்கத்து ஊர்களிலேயே பிள்ளைகளோடு இருக்கிறார்கள். நம் கல்லூரிகளின் தமிழ்த்துறைகளில் ஒவ்வோர் ஆண்டும் முதுகலை மாணவர்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுகிறார்கள். எல்லார் கையிலும் ஒலிப்பதிவு செய்யும் கைபேசி இருக்கிறது.